வீடு இல்லை என்பதற்காக வார்டிலேயே வைத்திருக்கக் கூடாது

மனநோய் குணமாகி, ‘வீட்டுக்குப் போகலாம்’ என்று டாக்டர் சொன்ன பிறகும் வருடக்கணக்கில் வார்டிலேயே இருப்பவர்கள் உண்டு. கூட்டிப்போக ஆள் வராது, போவதற்கு வீடும் இருக்காது. மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 இதற்குத் தடை போடுகிறது. 2018 மே மாதம் அமலுக்கு வந்த இந்தச் சட்டத்தின் 19ஆவது பிரிவுப்படி, குடும்பம் இல்லை, குடும்பம் ஏற்கவில்லை, வீடில்லை, வெளியே தங்க வசதியில்லை என்ற காரணங்களுக்காக மட்டும் யாரையும் மனநல மருத்துவமனையில் வைத்திருக்கக் கூடாது.

சரி, அவர் எங்கேதான் போவார்? குடும்பத்தார் கைவிட்டுவிட்டால், தன் குடும்ப வீட்டில் வாழும் உரிமையைப் பெற அரசு அவருக்குத் துணை நிற்க வேண்டும். வக்கீல் உதவியும் இதில் அடக்கம். மற்றவர்களுக்கு, சில காலம் தங்கித் தேறும் இல்லங்களையும் சிலர் சேர்ந்து வாழும் குழு இல்லங்களையும் அரசு ஏற்படுத்த வேண்டும், அல்லது ஏற்படுத்துவோருக்கு உதவ வேண்டும். ‘நியாயமான காலத்துக்குள்’ என்று எழுதியிருக்கிறார்களே தவிர, கெடு எதுவும் வைக்கவில்லை. சட்டத்தில் எனக்குப் பெரிய ஓட்டையாகப் படுவது இதுதான்.

இது நடக்காத காரியமும் இல்லை. சென்னையில் 1993இல் தொடங்கிய ‘தி பேனியன்’ அமைப்பு, ‘ஹோம் அகெய்ன்’ என்ற பெயரில் செய்துகாட்டியிருக்கிறது. சாதாரணத் தெருவில் ஒரு வாடகை வீடு, அதில் நாலைந்து பேர், கூடமாட உதவ ஓர் ஆள். சமையல், கடைகண்ணி, அக்கம்பக்கத்துப் பேச்சு எல்லாம் மற்ற வீடுகளைப் போலத்தான். சிகிச்சையும் விட்டுப்போவதில்லை.

அப்புறம், தெருவில் இருப்பவர்கள். மனநோயால் தன்னைப் பார்த்துக்கொள்ள முடியாமல் ஒருவர் சுற்றித் திரிவது தெரிந்தால், அவரைப் பாதுகாப்பில் எடுக்க வேண்டியது அந்தப் பகுதி காவல் நிலையப் பொறுப்பு அதிகாரியின் கடமை (பிரிவு 100). 24 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். எக்காரணம் கொண்டும் லாக்கப்பிலோ சிறையிலோ அடைக்கக் கூடாது. அட்மிட் செய்யத் தேவையில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டால், வீடில்லாதவரை மறுபடி பஸ் ஸ்டாண்டில் கொண்டுபோய் விடவும் முடியாது. வீடற்றோருக்கான அரசுக் காப்பகத்தில் சேர்க்க வேண்டும். காணாமல் போனவர் என்று எஃப்.ஐ.ஆர். போட்டு, குடும்பத்தைத் தேடுவதும் அந்த நிலையத்தின் வேலை. ‘எஃப்.ஐ.ஆர். போட்டாச்சா?’ என்று, காவல் நிலையத்துக்குத் தகவல் சொன்னவர் கேட்டு வைப்பது நல்லது.

செலவு? அரசு நடத்தும் அல்லது அரசு நிதி பெறும் மனநல மருத்துவமனைகளில் வீடற்றோருக்கும் ஆதரவற்றோருக்கும் சிகிச்சை முழுக்க இலவசம். வறுமைக்கோட்டுக்குக் கீழ் இருப்பவர்களுக்கும் அப்படியே, அதற்கான அட்டை கையில் இல்லாவிட்டாலும். சிகிச்சையிலோ கவனிப்பிலோ குறை இருந்தால் முதலில் மருத்துவமனைப் பொறுப்பு மருத்துவரிடமும், பதில் திருப்தியில்லை என்றால் இந்தச் சட்டப்படி அமைக்கப்படும் மனநல மறுஆய்வு வாரியத்திடமும் புகார் கொடுக்கலாம். யாரிடம் பேசுவது என்றே தெரியாதவர்கள் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவித் தொலைபேசியை 14416 என்ற எண்ணில் அழைக்கலாம், கட்டணம் இல்லை.