கேம்: எல்லை கடக்கிறவர்களின் சொல்

போஸ்னியாவின் வடமேற்கு மூலையில் பிஹாச், வெலிகா கிளாடுஷா என்று இரண்டு ஊர்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் இருக்கும் குரோவேசியாவின் எல்லை அங்கிருந்து நடக்கிற தூரம்தான். 2018 முதல் ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், ஈரான், சிரியா என்று பல நாடுகளிலிருந்து புறப்பட்டவர்கள் இங்கே வந்து தேங்கினார்கள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு காட்டுக்குள் இறங்கும்போது அவர்கள் சொல்வது: ‘கேமுக்குப் போகிறோம்.’ தாய்மொழி எதுவானாலும் எல்லாருக்கும் இந்த ஒரே சொல்தான்.

இங்கே கேம் என்றால் உரிய ஆவணம் இல்லாமல் எல்லை தாண்ட எடுக்கும் ஒரு முயற்சி. நடந்தே போனால் அது நடை கேம். ஆள்கடத்துகிறவருக்குப் பணம் கொடுத்து வண்டியில் போனால் டாக்ஸி கேம். லாரிக்குள் ஒளிந்து போவதும் ஒரு கேம்தான். பிடிபட்டால் தொடங்கிய இடத்துக்கே வர வேண்டும். கால் புண் ஆறியதும் அடுத்த கேம். இப்படிப் பத்து, இருபது முறை போனவர்கள் உண்டு.

சொல் ஆங்கிலத்திலிருந்து வந்தது. பழைய ஆங்கிலத்தில் ‘கமென்’ என்றால் மகிழ்ச்சி, கேளிக்கை. பிற்காலத்தில் அதே சொல்லுக்கு வேட்டையாடப்படும் விலங்கு என்ற பொருளும் சேர்ந்தது. எல்லை கடக்கிறவர்கள் விளையாட்டு என்ற பொருளில்தான் இதை எடுத்துக்கொண்டார்கள். ஆனால் வெப்பத்தை உணரும் கேமராவும் டிரோனும் மோப்ப நாயும் தேடித் திரியும் காட்டில் வேட்டைப் பொருளும் கூடவே நிற்கிறது. எனக்கு அதை மறந்துவிட்டு இந்தச் சொல்லைப் படிக்க முடியவில்லை.

இந்த நிலைமை எப்படி வந்தது? 2015-ல் துருக்கியிலிருந்து கடல் வழியாகக் கிரேக்கத்துக்கு வந்தவர்கள் மட்டும் 8 லட்சத்துக்கும் மேல். அப்போது பால்கன் எனப்படும் தென்கிழக்கு ஐரோப்பிய நாடுகள் வழியாக ரயிலிலும் பேருந்திலும் போக முடிந்தது. அந்தச் செப்டம்பரில் ஹங்கேரி செர்பிய எல்லையில் வேலி போட்டது. 2016 மார்ச்சில் பால்கன் பாதையே மூடப்பட்டது. மக்கள் நிற்கவில்லை. போஸ்னியா பக்கம் திரும்பினார்கள். பிஹாசில் பாதியில் நின்றுபோன ஒரு முதியோர் இல்லக் கட்டடத்தில் தங்கினார்கள். பக்கத்தில் வூச்யாக் என்ற இடத்தில் பழைய குப்பைமேட்டின் மேல் நகர நிர்வாகம் ஒரு முகாம் போட்டது. சுற்றிலும் 1990-களின் போரில் புதைத்த கண்ணிவெடிகள். 2019 டிசம்பரில் அந்த முகாமை மூடினார்கள்.

அரசு வரைபடத்தில் இந்தக் கட்டடங்களும் ஒற்றையடிப் பாதைகளும் கிடையாது. ஆனால் நடப்பவர்களின் கைப்பேசியில் இருக்கின்றன. முன்னே போனவர் பின்னே வருபவருக்கு இடக்குறி அனுப்புகிறார். பொலோனியா பல்கலைக்கழகப் புவியியலாளர் கிளாடியோ மின்காவும் அவருடன் பணிபுரிகிறவர்களும் இந்தப் பாதைகளை ஆராய்கிறார்கள். ‘கேம்’ என்பதையே ஆய்வுச் சொல்லாக எடுத்துக்கொண்டார்கள். மக்கள் வாயில் இருக்கும் சொல்லை ஆய்வு ஏற்றது சரி என்றே நினைக்கிறேன்.

அப்புறம், தமிழில் என்ன எழுதுவது? ‘விளையாட்டு’ பொருந்தாது. கேட்டவுடன் குழந்தைகளும் மைதானமும் மனதில் வந்துவிடும். ‘சட்டவிரோத நுழைவு’ காவல்துறையின் சொல். புகலிடம் கேட்க வருபவரை முதலிலேயே குற்றவாளி ஆக்கிவிடுகிறது. ‘எல்லை கடப்பு முயற்சி’ பிழையில்லை, விளக்கமாகப் பயன்படும், ஆனால் யாரும் வாயால் சொல்ல மாட்டார்கள்.

என் தேர்வு ‘ஆட்டம்’. ஆடு என்ற வினைக்கு விளையாடுவது மட்டுமா பொருள்? அசைவதும் நடுங்குவதும் அதில் உண்டு. போராட்டம், திண்டாட்டம், அல்லாட்டம், தள்ளாட்டம் எல்லாம் இதில் முடிகிற சொற்கள்தான். தோற்று மறுபடி தொடங்குவதையும் ‘அடுத்த ஆட்டம்’ என்று இயல்பாகச் சொல்லலாம். முதலில் வரும் இடத்தில் ‘எல்லை ஆட்டம்’ என்று எழுதி விளக்கிவிட்டால், பிறகு ஆட்டம் என்றாலே போதும். மூலச் சொல் தெரிய வேண்டிய இடத்தில் கேம் என்றே எழுதுவதும் தவறில்லை.

இதோடு சேர்ந்து வரும் இன்னொரு சொல் ‘புஷ்பேக்’. எல்லை தாண்டியவரைப் புகலிட மனுவே வாங்காமல் வந்த வழியே விரட்டுவது. இதைத் ‘திருப்பி அனுப்புதல்’ என்று எழுதினால் ஏதோ முறைப்படி நடந்தது போல ஆகிவிடுகிறது. ‘நாடு கடத்தல்’ என்பதும் ஆணை பிறப்பித்துச் செய்வது. 2017 நவம்பர் இரவொன்றில் ஓர் ஆப்கான் குடும்பத்திடம் குரோவேசியக் காவலர்கள் தண்டவாளத்தைப் பிடித்துச் செர்பியாவுக்கே திரும்பிப் போகச் சொன்னதாகக் குடும்பத்தினர் கூறினார்கள். அந்த வழியில் ரயில் மோதி ஆறு வயதுச் சிறுமி இறந்தாள். அவளுடைய மரணத்தைக் குரோவேசியா சரிவர விசாரிக்கவில்லை என்று 2021 நவம்பரில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த இரவில் நடந்ததற்குப் ‘பின்தள்ளல்’ என்றே எழுத வேண்டும்; கை வைத்துத் தள்ளுவது அந்தச் சொல்லில் தெரிகிறது.