எடை குறைந்த சக்கர நாற்காலி யாருக்கு?

புதுச்சேரியிலும் கடலூரிலும் வீடு வீடாகச் சென்று இயன்முறைச் சிகிச்சை அளிக்கிறேன். "ஒன்பது கிலோதானாம், மடித்து காரில் வைத்துவிடலாமாம். வாங்கிவிடலாமா சார்?" என்று கைபேசியில் படத்தைக் காட்டிக் கேட்காத குடும்பம் இப்போது குறைவு. படத்தில் இருப்பது அநேகமாக நான்கு சிறிய சக்கரங்கள் கொண்ட அலுமினிய நாற்காலியாக, அதாவது பயண நாற்காலியாக இருக்கும். "அப்பாவின் கைகளில் பலம் இருக்கிறதா?" என்று நான் திருப்பிக் கேட்பேன்.

வழக்கமான இரும்பு நாற்காலி 16 முதல் 20 கிலோ வரை இருக்கும். அதன் பின்சக்கரம் 24 அங்குலம். அதில் உள்ள வளையத்தைப் பிடித்து உட்கார்ந்திருப்பவரே உருட்டிக்கொள்ளலாம். பயண நாற்காலியில் அந்தச் சக்கரத்தையே எடுத்துவிட்டு 8 முதல் 12 அங்குலச் சக்கரத்தை மாட்டிவிடுகிறார்கள். எடை பாதியாகக் குறைவதற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் அதன் பிறகு யாராவது தள்ளினால்தான் வண்டி நகரும்.

எடை குறைவதன் பலன் தூக்குபவருக்குத்தான். அதை நான் அலட்சியமாகச் சொல்லவில்லை. நம் வீடுகளில் தூக்குபவர் பெரும்பாலும் அறுபதைத் தாண்டிய மனைவி. அவருக்கே இடுப்புவலி இருக்கும். அவரும் படுத்துவிட்டால் இரண்டு நோயாளிகள்.

மஞ்சக்குப்பத்தில் பக்கவாதம் வந்த ஒரு பெரியவர். இடப்பக்கம் விழுந்துவிட்டது, வலது கையும் வலது காலும் நன்றாகவே இருந்தன. இருக்கை சற்றுத் தாழ்வான பழைய நாற்காலியில் வலது கையால் சக்கரத்தைத் தள்ளி, வலது பாதத்தைத் தரையில் ஊன்றித் திசை திருப்பி, கூடத்திலிருந்து வாசல் வரை தானாகவே வந்துவிடுவார். காலையில் செய்தித்தாளை எடுப்பது அவர் வேலை. சென்னையிலிருந்து மகன் எடை குறைந்த நாற்காலியை வாங்கி அனுப்பினார், பழையது பரணுக்குப் போனது. அடுத்த முறை நான் சென்றபோது செய்தித்தாள் வாசலிலேயே கிடந்தது. "எடுத்துத் தரச் சொல்லி எத்தனை முறை மருமகளைக் கூப்பிடுவது?" என்றார். பழைய நாற்காலியைப் பரணிலிருந்து இறக்கச் சொன்னேன். புதியதை மருத்துவமனைக்குப் போகும் நாளுக்கு மட்டும் வைத்துக்கொண்டார்கள்.

வீட்டுக்குள் வாக்கர் பிடித்து நடந்துவிடுவார், ஆனால் ஜிப்மர் மருத்துவமனையில் ஒரு பிரிவிலிருந்து இன்னொரு பிரிவுக்கு நடக்க முடியாது என்ற நிலையில் இருப்பவருக்குப் பயண நாற்காலி மிகவும் பொருத்தம். மூட்டுத் தேய்மானம் உள்ளவர்கள், டயாலிசிஸ் முடிந்து தளர்ந்து வருபவர்கள், புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர்கள் எல்லோருக்கும் இதைத் தயங்காமல் சொல்வேன். எலும்பு முறிவுக்குச் சில வாரங்கள் மட்டும் தேவை என்றால் வாங்கவே வேண்டாம், வாடகைக்கு எடுங்கள்.

இனி அளவு. உட்கார்ந்த நிலையில் இடுப்பின் அகலமான இடத்தை அளந்து, ஒன்று முதல் இரண்டு அங்குலம் கூட்டுங்கள். அதுதான் இருக்கையின் அகலம். "தாராளமாக இருக்கட்டும்" என்று பெரியதாக வாங்கினால் உடல் ஒரு பக்கம் சாயும். முதுகை ஒட்டி உட்கார்ந்தபின் முழங்கால் மடிப்புக்கும் இருக்கையின் விளிம்புக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் இடைவெளி வேண்டும். அடுத்து உங்கள் வீட்டுக் குளியலறைக் கதவை அளந்துகொள்ளுங்கள். புதுச்சேரியின் பழைய வீடுகளில் அது இரண்டடி அகலம்கூட இல்லாமல் இருப்பதுண்டு. பெரிய சக்கரம் இல்லாததால் பயண நாற்காலியின் மொத்த அகலம் குறைவு. இந்த ஒரு விஷயத்தில் வீட்டுக்குள்ளும் அது கைகொடுக்கும்.

விளம்பரத்தில் போடும் எடை சில நேரம் கால்தாங்கிகளைக் கழற்றிவிட்டு எடுத்த எடை. கடையில் நீங்களே மடித்துத் தூக்கிப் பாருங்கள். காரில் வைப்பதாக இருந்தால் டிக்கியையும் அளந்துகொள்ளுங்கள். சிஎன்ஜி சிலிண்டர் உள்ள காரில் பாதி டிக்கி அதற்கே போய்விடும்.

சிறிய சக்கரத்துக்கு நிலைப்படி எதிரி. முன்பக்கமாக முட்டினால் உட்கார்ந்திருப்பவர் குப்புற விழக்கூடும். நாற்காலியைத் திருப்பி, பின்சக்கரத்தை முதலில் ஏற்றுவதே நல்லது. இறங்கும்போதும், சரிவுப் பாதையிலும் பின்னோக்கியே இறக்குங்கள். புதுச்சேரி கடற்கரைச் சாலையில் மாலையில் வாகனங்களை நிறுத்தியபின் இந்த வண்டி வழுக்கிக்கொண்டு போகும். தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சில் மணலில் இறக்கினால் அங்கேயே புதைந்து நிற்கும்.

தள்ளுபவரின் கைப்பிடியிலேயே, சைக்கிளில் உள்ளதுபோல, பிரேக் இருக்கும் வண்டியைக் கேட்டு வாங்குங்கள். சக்கரத்தைப் பூட்டும் பிரேக் மட்டும் இருந்தால் சரிவில் வேகத்தைக் கட்டுப்படுத்த முடியாது. கைதாங்கி மேலே மடங்க வேண்டும், கால்தாங்கி பக்கவாட்டில் விலக வேண்டும். இவை இல்லாவிட்டால் கட்டிலிலிருந்து மாற்றி உட்கார வைப்பது தினமும் ஒரு மல்யுத்தம்தான். எழும்போது கால்தாங்கியின் மீது ஏறி நிற்க விடாதீர்கள். நாற்காலி அப்படியே முன்பக்கம் கவிழும். முந்தானையும் துண்டும் சக்கரத்தில் சிக்காமல் மடியில் செருகி விடுங்கள்.

பயண நாற்காலியின் இருக்கை வெறும் துணிதான். ஒரு மணி நேரப் பயணத்துக்கு அது போதும், நாள் முழுவதும் உட்கார ஏற்றதல்ல. மருந்துக்கடையில் விற்கும் காற்றடைத்த வளையத்தை அடியில் வைப்பது இங்கே பரவலாக இருக்கிறது. எனக்கு அது பிடிப்பதில்லை. நடுவில் அழுத்தம் குறைந்தாலும் வளையம் படும் இடத்தைச் சுற்றி அழுத்திப் பிடித்து, இரத்த ஓட்டத்தைக் கெடுக்கும். நல்ல ஃபோம் மெத்தை வாங்குங்கள். மெத்தை போட்டால் உயரம் கூடும். கால்தாங்கியை அதற்கேற்ப மாற்றுங்கள். அரை மணிக்கு ஒரு முறையாவது உடலை இப்படியும் அப்படியும் சாய்த்து உட்கார வையுங்கள். சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்களுக்குக் கால்தாங்கியின் திருகாணி உரசிப் புண்ணானாலும் வலி தெரியாது. வெளியே போய்வந்ததும் செருப்பைக் கழற்றி, பாதத்தை வெளிச்சத்தில் பாருங்கள்.

உப்புக்காற்று அடிக்கும் ஊர் இது. அலுமினியச் சட்டம் தாங்கும். அதிலுள்ள இரும்புத் திருகாணிகள் துருவேறும். ஈரத்துணியால் துடைத்துக் காயவைத்து, மாதம் ஒரு முறை திருகாணிகளையும் பிரேக் கம்பியையும் பாருங்கள்.

நிரந்தரக் குறைபாடு உள்ளவர்கள் மாற்றுத்திறனாளி அடையாள அட்டை பெற்றிருந்தால், சொந்தக் காசைச் செலவழிக்கும் முன் அரசு உதவியைக் கேட்டுப் பாருங்கள். கடலூரில் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம், புதுச்சேரியில் சமூக நலத்துறை. அங்கும் நோயாளியின் இடுப்பு அளவையும் வீட்டுக் கதவின் அளவையும் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள்.