முதல் மூடி திறந்தால் அன்றைய டைவ் முடிந்தது: ஸ்கூபாவும் மாலை நேர பீரும்

முதுகில் காற்று டேங்க் மாட்டிக் கடலுக்கடியில் மூழ்குவதுதான் ஸ்கூபா. அன்றைய கடைசி டைவ் (இறக்கம்) முடிந்து, வெட்சூட் என்ற ரப்பர் உடையை அலசிக் காயப்போட்டபின் டைவர்கள் உட்காரும் மேசையில் பேச்சு இரண்டே விஷயங்களைச் சுற்றிவரும். எந்தக் கடலில் எதைப் பார்த்தோம் என்பது ஒன்று. அந்த ஊர் பீர் எப்படி என்பது இன்னொன்று. பாலி என்றால் பின்டாங், பிலிப்பைன்ஸ் என்றால் ரெட் ஹார்ஸ், இலங்கை என்றால் லயன் ஸ்டவுட் என்று டைவ் ஊர்களை பீர் பெயரோடு சேர்த்தே நினைவில் வைத்திருப்பவர்கள் ஏராளம். இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கசப்பையும் நுரையையும் மணிக்கணக்கில் அலசுபவர்கள், லேபிளின் மூலையில் பொடி எழுத்தில் இருக்கும் சதவீதத்தைப் பார்ப்பதில்லை. காலை ஆறரை மணிக்குப் படகு கிளம்பும்போது கணக்கில் வருவது அந்த எண்தான்.

கணக்கு எளிது. பாட்டிலின் மில்லிலிட்டரை ஆல்கஹால் சதவீதத்தால் பெருக்கி, நூறால் வகுத்து, 0.8ஆல் பெருக்கினால் கிராம் கிடைக்கும். 4.7 சதவீத பின்டாங் 330 மில்லி என்றால் சுமார் 12 கிராம். 6.9 சதவீத ரெட் ஹார்ஸ் 500 மில்லி என்றால் 27 கிராமுக்கு மேல். இரண்டையும் ‘ஒரு பாட்டில்’ என்றுதான் சொல்வோம். சராசரிக் கல்லீரல் மணிக்கு ஏறத்தாழ 7 முதல் 10 கிராம் வரை எரிக்கும். 8 என்று வைத்துக்கொள்ளுங்கள். இரவு ஒன்பது மணிக்குத் தொடங்கி மூன்று பின்டாங் குடித்தவரின் இரத்தம் இரண்டு மணிக்குள் தெளிந்துவிடும். அதே நேரத்தில் தொடங்கி மூன்று ரெட் ஹார்ஸ் குடித்தவருக்குக் காலை ஏழு தாண்டியும் பாக்கி இருக்கும். அவர் அதற்குள் டேங்க்கை மாட்டிக்கொண்டு படகின் விளிம்பில் உட்கார்ந்திருப்பார். கறுப்புக் காப்பி, பச்சைத்தண்ணீர்க் குளியல், வியர்க்க வியர்க்க ஓட்டம் எதுவும் இந்த வேகத்தைக் கூட்டாது. உடல் எடை குறைந்தவர்களுக்கும், பொதுவாகப் பெண்களுக்கும், அதே அளவு பீரில் இரத்தத்தில் ஏறும் அளவு அதிகம்.

இரத்தம் தெளிந்தால் தலையும் தெளிந்தது என்று அர்த்தமில்லை. உள்காதின் அரைவட்டக் குழாய்களில் கப்யூலா என்ற ஜெல்லி போன்ற மடல் இருக்கிறது. சாதாரணமாக அதுவும் அதைச் சூழ்ந்த திரவமும் ஒரே அடர்த்தி. ஆல்கஹால் தண்ணீரைவிட இலேசானது. முதலில் மடலுக்குள் புகுந்துவிடும். மடல் மிதக்கத் தொடங்கும். படுத்ததும் அறை சுற்றுவது இதனால்தான். பல மணி நேரம் கழித்து ஆல்கஹால் முதலில் மடலைவிட்டு வெளியேறும். திரவத்தில் மட்டும் மிச்சமிருக்கும். அப்போது தலை எதிர்த்திசையில் சுற்றும். இந்த இரண்டாம் கட்டம் இரத்தத்தில் ஆல்கஹால் முற்றிலும் நீங்கிய பின்னும் சில மணி நேரம் நீடிக்கும். தரையில் கண் உதவிக்கு வருவதால் சமாளித்துவிடலாம். கீழே தரை தெரியாத நீலத்தில், தலைகீழாக இறங்கும்போது எது மேல் எது கீழ் என்று சொல்லக் கண்ணுக்கு எதுவும் கிடைக்காது. தலைசுற்றல், பின்னாலேயே வாந்தி.

தண்ணீருக்கடியில் வாந்தி வந்தால், டேங்க் காற்றை வாய்க்குத் தரும் ரெகுலேட்டரை வாயிலிருந்து எடுக்கவே கூடாது. கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு அதன் வழியாகவே வாந்தி எடுங்கள். உள்ளே இருப்பதைக் காற்றால் வெளியே தள்ளும் பர்ஜ் பட்டனை அழுத்திச் சுத்தம் செய்து, நாக்கை மேலண்ணத்தில் வைத்துக்கொண்டு மெதுவாக முதல் மூச்சை இழுங்கள். அடைத்துக்கொண்டால் ஆக்டோபஸ் என்ற உபரி ரெகுலேட்டருக்கு மாறுங்கள். வாந்திக்குப் பிறகு அனிச்சையாக வரும் முதல் மூச்சு பலமானது. வாயில் ரெகுலேட்டர் இல்லாத நேரத்தில் அது வந்தால் உள்ளே போவது கடல்நீர்.

மூக்கும் ஒத்துழைக்காது. ஆல்கஹால் மூக்குச் சவ்வின் இரத்தநாளங்களை விரியவைத்து வீங்கச் செய்யும். காதை ஈக்குவலைஸ் செய்வது, அதாவது காதுக்குள் அழுத்தத்தை வெளி அழுத்தத்தோடு சமப்படுத்துவது, சிரமமாகும். முதல் மூன்று மீட்டருக்குள் வலித்தால் ஒரு மீட்டர் மேலேறி மறுபடி முயலுங்கள். அப்போதும் திறக்காவிட்டால் அந்த டைவ் வேண்டாம். மூக்கடைப்பு மாத்திரை போட்டு இறங்கிவிட்டு, அடியில் அதன் வீரியம் குறைந்தால் மேலே வரும்போது காது அடைபடும். அது இன்னும் மோசம்.

மேசைப் பேச்சில் அடிக்கடி வரும் ‘மார்ட்டினி விதி’யும் இங்கே வரவேண்டும். ஒவ்வொரு பத்து மீட்டருக்கும் வெறும் வயிற்றில் ஒரு மார்ட்டினி (கடுமையான காக்டெயில்) குடித்த மாதிரி என்பார்கள். துல்லியமான விதி இல்லை, ஆனால் உவமை பொருத்தமானது. 30 மீட்டரில் அழுத்தம் 4 வளிமண்டலம். அந்த அழுத்தத்தில் சுவாசிக்கும் காற்றிலுள்ள நைட்ரஜனே தலையை மயக்கும் ‘நைட்ரஜன் போதை’யை அங்கே பலரும் உணரத் தொடங்குவார்கள். இரவின் மிச்சம் அதன் மேல் ஏறினால், ஆழத்தையும் மிச்சக் காற்றையும் காட்டும் கேஜைப் பார்ப்பது, பார்த்ததைப் புரிந்துகொள்வது, புரிந்ததைச் செய்வது மூன்றும் மந்தமாகும். 2010இல் பின்லாந்தின் ஓலன்ட் தீவுகளுக்கு அருகே பால்டிக் கடலில், 1840களில் மூழ்கிய கப்பலிலிருந்து டைவர்கள் ஷாம்பெயினோடு சில பீர் பாட்டில்களையும் மேலே கொண்டுவந்தார்கள். ஒன்று படகிலேயே விரிசல்விட்டு நுரைத்தது. டைவுக்கும் பீருக்கும் இதுதான் நியாயமான வரிசை: முதலில் சுமார் 50 மீட்டர் ஆழத்திலிருந்து மேலே வருவது, பிறகு ருசி.

“பீரில் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் தண்ணீர்தானே” என்ற வாதமும் உண்டு. ஆல்கஹால், சிறுநீரைக் கட்டுப்படுத்தும் வாசோபிரசின் ஹார்மோனைக் குறைக்கிறது. நீரில் மூழ்கினாலே இரத்தம் கைகால்களிலிருந்து மார்புக்கு நகர்வதால் சிறுநீர் கூடும். டேங்க்கில் இருப்பதோ ஈரம் நீக்கிய காற்று. மூன்றும் சேர்ந்து உடலை வற்றச் செய்கின்றன. ஆழத்தில் உடலில் கரைந்த நைட்ரஜன் மேலே வரும்போது குமிழிகளாகி உண்டாக்குவது டிகம்ப்ரஷன் நோய். நீரிழப்பு அதை எந்த அளவுக்குக் கூட்டும் என்பதில் ஆய்வாளர்களிடையே விவாதம் உண்டு. ஆனால் வற்றிய உடலோடு இறங்குவதில் ஆதாயம் எதுவுமில்லை. சிறுநீர் வெளிர்மஞ்சளாகும்வரை தண்ணீர் குடிப்பதுதான் எளிய அளவுகோல்.

இதுவரை சொன்னதெல்லாம் டைவுக்கு முன் குடிப்பது பற்றி. உண்மையில் கூடுதலாகக் கவலைப்பட வேண்டியது டைவுக்குப் பின் குடிப்பதைப் பற்றி. டிகம்ப்ரஷன் நோயின் அறிகுறிகள் பெரும்பாலும் முதல் சில மணி நேரத்தில், கிட்டத்தட்ட எல்லாமே 24 மணி நேரத்துக்குள் தெரிய வரும். பீர் மேசையின் நேரமும் அதுதான். அசாதாரணச் சோர்வு, தலைவலி, குமட்டல், தள்ளாட்டம், மரத்துப்போதல்: இவற்றில் எதைச் சொன்னாலும் பக்கத்தில் இருப்பவர் “ஏறிடுச்சு, போய்ப் படு” என்பார். படுத்தவர் எழும்போது கால் அசையாமல் இருக்கலாம். ஆல்கஹால் மூட்டுவலியையும் மழுக்கிவிடும், பாதிக்கப்பட்டவருக்கே தெரியாது.

ஆகவே கடைசி டைவுக்குப் பிறகு குறைந்தது இரண்டு மணி நேரமாவது தண்ணீர் மட்டும் குடித்துவிட்டு, பீருக்கு முன் ஒரு சிறு சோதனை செய்துகொள்ளுங்கள். ஒரு பாதத்தின் முன் மற்றொன்றை வைத்து, கண்ணை மூடி, கைகளை மார்பில் கட்டி ஒரு நிமிடம் நில்லுங்கள். தோளிலும் வயிற்றிலும் பளிங்குபோல் திட்டுகள் உண்டா என்று பாருங்கள். சிறுநீர் தடையின்றிப் போகிறதா? போகாவிட்டால் அது முதுகுத்தண்டு பாதிப்பின் அடையாளமாக இருக்கலாம். சந்தேகம் வந்தால் படுக்கவைத்து, நிமிடத்துக்கு 15 லிட்டர் வேகத்தில் நான்-ரீபிரீதர் மாஸ்க் (வெளிவிட்ட மூச்சு திரும்பி வராத முகமூடி) வழியாக நூறு சதவீத ஆக்சிஜன் கொடுங்கள். அறிகுறி தொடங்கிய நேரத்தையும் குடித்த அளவையும் மறைக்காமல் எழுதிவையுங்கள். ஆழத்தையும் நேரத்தையும் பதியும் டைவ் கம்ப்யூட்டரை ஆளோடு சேர்த்து அனுப்புங்கள். ஆக்சிஜனில் வலி குறைந்துவிட்டதே என்று விட்டுவிடாமல் ரீகம்ப்ரஷன் சேம்பர் (மறுபடி அழுத்தம் கொடுத்துச் சிகிச்சை செய்யும் அறை) உள்ள மருத்துவமனையோடு பேசுங்கள். மறுபடி தண்ணீருக்குள் இறக்கிச் சரிசெய்யும் யோசனையை யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

பல நாள் தங்கி டைவ் செய்யும் சஃபாரிப் படகுகளில் மது பாரும், கடலில் இறங்கும் மேடையும் நாலடி தூரத்தில் இருப்பதால் விதி கறாராக இருக்கும்: முதல் மூடி திறந்தால் அன்றைய டைவ் முடிந்தது. இரவு டைவ் உள்ள நாளில் மதிய உணவோடு ‘ஒரே ஒரு லைட் பீர்’ என்பதும் இதில் அடக்கம். மறுநாள் டைவ் இருந்தால் மெல்லிய பீர் ஒன்றிரண்டோடு நிறுத்தி, கடைசி மடக்குக்கும் முதல் இறக்கத்துக்கும் 12 மணி நேரம் விடுவது நல்லது.

அந்த ஊரின் பீர்களையெல்லாம் வரிசைப்படுத்தி ருசி பார்க்கத் தோதான இரவு எது என்பதை விமானமே சொல்லிவிடும். டைவர்களின் பாதுகாப்பு அமைப்பான டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க்கின் வழிகாட்டுதல்படி, டிகம்ப்ரஷன் நிறுத்தம் (மேலேறும்போது நைட்ரஜன் வெளியேற இடையில் கட்டாயம் நிற்பது) தேவைப்படாத ஒற்றை டைவுக்குப் பின் 12 மணி நேரம், பல டைவ்கள் அல்லது பல நாள் டைவிங்குக்குப் பின் 18 மணி நேரம் பறக்கக் கூடாது. டிகம்ப்ரஷன் டைவுக்கு அதைவிடக் கணிசமாகக் கூடுதல். விமானத்துக்குள் அழுத்தம் சுமார் 2,400 மீட்டர் உயர மலைக்குச் சமமாகக் குறையலாம். அதனால் பயணத்தின் கடைசி நாள் எப்படியும் கரையில்தான். முந்தைய நாளின் நைட்ரஜன் வெளியேறிக்கொண்டிருக்கும், உடல் சொல்வதைக் கேட்க நேரம் இருக்கும், காலையில் இறங்க வேண்டிய கடலும் இல்லை. ரெட் ஹார்ஸா, லயன் ஸ்டவுட்டா என்ற வழக்கை அன்றைக்குத் தள்ளிவையுங்கள்.