சாலை ஜல்லியைச் சோதிக்கக் கேட்கும் உரிமை: மனுவில் எங்கே மாட்டிக்கொள்கிறோம்?

தார் போட்ட சாலை ஒரே மழையில் பெயர்ந்துவிடுகிறது. ஊர்க்காரர் ஒருவர் பெயர்ந்த ஜல்லியைப் பையில் அள்ளிக்கொண்டு போய்ப் பொறியாளர் மேசையில் வைக்கிறார். "இது அந்த ரோட்டுக் கல்லுதான்னு என்னங்க ஆதாரம்?" என்ற ஒரே கேள்வியில் அவரைத் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். இப்படித் திரும்பி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒருவர் சொந்தக் காசில் ஆய்வகத்தில் கொடுத்து அறிக்கையே வாங்கியிருந்தார். அதன் அடியில் 'மனுதாரர் கொண்டுவந்து கொடுத்த மாதிரி' என்று ஒரு வரி இருந்தது. அதைக் காட்டியே அறிக்கையை ஒதுக்கிவிட்டார்கள்.

அந்த வரியைத் தாண்ட வழி இருக்கிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005, பிரிவு 2(ஜே) தாள்களின் நகலோடு நிற்பதில்லை. நடக்கும் வேலையை நேரில் பார்வையிடவும், பயன்படுத்தும் பொருளின் சான்றிட்ட மாதிரியை எடுக்கவும் அது உரிமை தருகிறது. 'சான்றிட்ட' என்ற சொல்தான் முக்கியம். அலுவலரே எடுத்து, சீல் வைத்து, கையெழுத்துப் போட்டுக் கொடுத்த ஜல்லியை யாருடைய கல் என்று யாரும் கேட்க முடியாது. நீங்களாகக் குவியலில் கை வைக்காதீர்கள். திருட்டு என்றும் அரசுப் பணிக்கு இடையூறு என்றும் புகார் கொடுக்க அதுவே போதும்.

மனு திரும்புவது பெரும்பாலும் சின்ன விஷயங்களில்தான். உரிமை குடிமக்களுக்கு மட்டுமே என்று சட்டம் சொல்வதால், நலச் சங்கத்தின் லெட்டர்பேடில் எழுதினால் நிராகரிக்கக் காரணம் கிடைத்துவிடும். உங்கள் சொந்தப் பெயரில் எழுதுங்கள். தமிழ்நாடு அரசு அலுவலகம் என்றால் 10 ரூபாய்க்குக் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். எதற்காகக் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்ல வேண்டியதில்லை, பிரிவு 6(2) அதைத் தெளிவாகச் சொல்கிறது. "இது எங்க ரோடு இல்ல, யூனியன் ஆபீஸ் போங்க" என்பார்கள். அலைய வேண்டாம். மனுவை 5 நாளுக்குள் உரிய அலுவலகத்துக்கு மாற்றி அனுப்புவது அவர்கள் கடமை, பிரிவு 6(3). நேரில் கொடுத்தால் நகலில் தேதியோடு முத்திரை வாங்காமல் நகராதீர்கள். இல்லையென்றால் ஒப்புகையோடு தபாலில் அனுப்புங்கள்.

'ஏன் தரமில்லாத ஜல்லி போட்டீர்கள்?' என்று மட்டும் கேட்கவே கேட்காதீர்கள். ஏன் என்ற கேள்விக்குப் பதில் சொல்லச் சட்டம் அவர்களைக் கட்டாயப்படுத்தாது. அவர்களிடம் இருக்கும் ஆவணத்தைக் கேளுங்கள்: ஒப்பந்தத்தில் சேர்ந்த தொழில்நுட்ப விவரக்குறிப்பு, ஜல்லி சோதனைப் பதிவேடு, செய்த வேலையை அளந்து பதியும் அளவுப் புத்தகம், அப்புறம் சான்றிட்ட மாதிரி. எந்தச் சாலை, எத்தனையாவது கிலோமீட்டர், எந்த அடுக்கு என்பதையும் எழுதுங்கள். 'ஒப்பந்தக்காரரின் வணிக ரகசியம்' என்று மறுத்தால் விட்டுவிடாதீர்கள். பொதுப் பணத்தில் போட்ட ஜல்லியின் சோதனை எண்ணில் ரகசியம் எதுவும் இல்லை என்று மேல்முறையீட்டில் எழுதுங்கள்.

எதைச் சோதிக்கச் சொல்வது? எல்லாவற்றையும் கேட்டால் செலவுதான் ஏறும். மோதல் சோதனையும் வடிவச் சோதனையும் முதலில் போதும். 12.5 மி.மீ. சல்லடையில் இறங்கி 10 மி.மீ. சல்லடையில் தங்கும் கல்லை இரும்புக் கிண்ணத்தில் போட்டு, ஏறத்தாழ 14 கிலோ சுத்தியலை 38 செ.மீ. உயரத்திலிருந்து 15 தடவை விழ விடுவார்கள். நொறுங்கி 2.36 மி.மீ. சல்லடையில் இறங்கும் தூள் எத்தனை சதவீதம் என்பதுதான் மோதல் மதிப்பு. மத்திய நெடுஞ்சாலை அமைச்சகத்தின் விவரக்குறிப்புப்படி, தாருக்கு அடியில் ஜல்லியைத் தண்ணீரோடு கலந்து போடும் வெட் மிக்ஸ் அடுக்கில் இது 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. பிட்டுமினஸ் கான்கிரீட் என்ற மேல் தார் அடுக்கில் வரம்பு 24. உங்கள் சாலை கிராமச் சாலைத் திட்டத்தில் வந்தால் வேறு விவரக்குறிப்பு இருக்கலாம். அதனால்தான் ஒப்பந்தத்தில் உள்ளதை முதலில் கேட்கச் சொன்னேன்.

வடிவத்தைக் கண்ணாலேயே ஓரளவு பார்க்கலாம். ஒரு கைப்பிடி ஜல்லியில் ஓட்டுச் சில்லு மாதிரி தட்டையானவை எத்தனை என்று எண்ணுங்கள். சராசரி அளவில் 0.6 பங்குக்கும் குறைவான தடிமன் உள்ள கல் தட்டைக் கல். ரோலர் ஏறும்போது அது உடைந்து, தார் ஒட்டாத புது முகம் வெளியே வரும். தண்ணீர் இறங்குவது அந்த இடத்தில்தான்.

பதிவேடு கைக்கு வந்ததும் எண்ணைப் பார்க்கும் முன் தேதியைப் பாருங்கள். நான் பார்த்த ஒரு பதிவேட்டில் பல வாரத்துச் சோதனைகளும் ஒரே பேனாவில், ஒரே அழுத்தத்தில் எழுதியிருந்தன. மோதல் மதிப்பு ஒவ்வொரு வரியிலும் தசமப் புள்ளிவரை ஒன்றே. குவாரியிலிருந்து வரும் கல் லோடுக்கு லோடு கொஞ்சமாவது மாறும். அந்த வரிகளை நகலில் கோடிட்டு மேல்முறையீட்டோடு இணைக்கலாம்.

மாதிரி எடுக்கும் நாளில் நீங்கள் அங்கே இருந்தே ஆக வேண்டும். வேறு குவியலிலிருந்து நல்ல கல்லை அள்ளி வைப்பது நடக்கிற விஷயம். குவியலின் மேலே, நடுவே, அடியில் என்று பல இடத்தில் எடுத்துக் கலக்கச் சொல்லுங்கள். ஒரே கலவையில் இரண்டு பை நிரப்பி ஒன்றை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். சாலைப் பெயர், கிலோமீட்டர், அடுக்கு, தேதி எழுதிய சீட்டில் இருவரும் கையெழுத்திட்டு, பை வாயைக் கட்டி, முடிச்சின் மேல் சீல் வைக்க வேண்டும். எத்தனை கிலோ தேவை என்று ஆய்வகத்தில் முன்பே கேட்டுவிடுங்கள். அறிக்கையில் சீல் உடையாமல் வந்தது என்றும் குறிக்கச் சொல்லுங்கள்.

காலம்தான் பெரிய எதிரி. பதில் தர 30 நாள் அவகாசம் உண்டு, அதற்குள் வேலை முடிந்துவிடும். தாருக்குள் போன ஜல்லியைச் சோதிக்க முதலில் தாரைப் பிரிக்க வேண்டும், செலவும் கூடும். ஆகவே சாலையோரம் முதல் லோடு இறங்கிய அன்றே மனு போடுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் அதே அலுவலகத்தின் மேல் அதிகாரியிடம் முதல் மேல்முறையீடு செய்யுங்கள். அதிலும் நடக்கவில்லை என்றால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்துக்குப் போகலாம். காரணமில்லாமல் தாமதித்த அலுவலருக்கு நாளுக்கு 250 ரூபாய், மொத்தம் 25,000 வரை தண்டம் விதிக்கும் அதிகாரம் ஆணையத்துக்கு உண்டு. அதை மேல்முறையீட்டிலேயே கேட்டு எழுதுங்கள்.