மறுபடி இன்ஸ்டால் செய்யும் முன், எந்த ஜாவா ஓடுகிறது என்று பாருங்கள்

புதிதாகச் சேர்பவர்களின் கணினியில் ஜாவா சூழலை அமைத்துக் கொடுப்பதும், ஓடாதபோது எங்கே கோளாறு என்று பார்ப்பதும் பல ஆண்டுகளாக என் வேலையின் ஒரு பகுதி. உதவி கேட்டு வருகிறவர்களில் பெரும்பாலோர் முதலில் சொல்வது இதைத்தான்: “எல்லாவற்றையும் அன்இன்ஸ்டால் செய்து, மறுபடியும் இன்ஸ்டால் செய்துவிட்டேன். அப்படியும் வரவில்லை.” பாதிச் சிக்கலை உண்டாக்குவதே அந்த மறு இன்ஸ்டால்தான். ஜாவா இன்ஸ்டால் கெட்டுப்போவது மிக அரிது. ஒரே கணினியில் மூன்று நான்கு ஜாவா இருக்கும். நாம் நினைத்துக்கொண்டிருப்பது ஒன்று, உண்மையில் ஓடுவது வேறொன்று. மறுபடி இன்ஸ்டால் செய்தால் அந்தக் கூட்டத்தில் இன்னொன்று சேரும், அவ்வளவே.

இத்தனை ஜாவா எப்படி வந்து சேர்கின்றன? நாம் இறக்கியது ஒன்று. படிக்கும் காலத்தில் போட்டு மறந்துபோன ஜாவா 8 ஒன்று. நிரல் எழுத உதவும் ஐடிஇ மென்பொருளான இன்டெல்லிஜே தன்னை ஓட்டிக்கொள்ளத் தனக்கென ஒன்றைக் கூடவே கொண்டுவருகிறது. எக்லிப்ஸின் இன்றைய தொகுப்புகளும் விஎஸ் கோடின் ஜாவா நீட்சியும் அப்படியே. லினக்ஸில் வேறு ஏதோ மென்பொருளை நிறுவப் போனால் அதற்குத் துணையாக ஒன்று உள்ளே நுழைந்திருக்கும். பல ஜாவா இருப்பதில் தவறே இல்லை. யார் எதை எடுத்துக்கொள்கிறார்கள் என்று தெரியாமல் இருப்பதுதான் தொல்லை.

ஆகவே முதலில் கட்டளைகளை அடிக்கும் டெர்மினலைத் திறந்து ‘ஜாவா -வெர்ஷன்’, ‘ஜாவாசி -வெர்ஷன்’ இரண்டையும் அடித்துப் பாருங்கள். இரண்டும் ஒரே எண்ணைக் காட்ட வேண்டும். முதலாவது பதில் தந்து இரண்டாவது ‘அப்படி ஒரு கட்டளையே இல்லை’ என்றால், உங்களிடம் இருப்பது நிரலை ஓட்ட மட்டும் தெரிந்த ஜேஆர்இ. எழுதிய நிரலை ஓடும் வடிவத்துக்கு மாற்றும் கம்பைலர் இருப்பது, நிரல் எழுதுவோருக்கான முழுத் தொகுப்பான ஜேடிகேயில். ஜாவாவின் உரிமை கொண்ட ஆரக்கிள் நிறுவனம் 2018இல் வெளியான ஜாவா 11 முதல் ஜேஆர்இயைத் தனியாகத் தருவதில்லை என்பதால், இந்தச் சிக்கல் வந்தால் எங்கோ பழைய ஜாவா 8 உட்கார்ந்திருக்கிறது என்று பெரும்பாலும் ஊகித்துவிடலாம்.

அடுத்து, அது எந்த இடத்திலிருந்து ஓடுகிறது என்று கேளுங்கள். விண்டோஸின் கமாண்ட் பிராம்ப்டில் ‘வேர் ஜாவா’, லினக்ஸிலும் மேக்கிலும் ‘விச் -ஏ ஜாவா’. பாத் என்பது, கட்டளைகளை எந்தக் கோப்புறைகளில் தேடுவது என்று கணினிக்குச் சொல்லும் பட்டியல். அதில் உள்ள எல்லா ஜாவாவும் வரிசையாக வரும். முதல் வரியில் இருப்பதே ஓடும். ஆரக்கிளின் விண்டோஸ் இன்ஸ்டாலர் ‘ஜாவாபாத்’ என்ற தன் கோப்புறையைப் பாத்தின் தலைப்பகுதியிலேயே வைத்துவிடுகிறது. நீங்கள் புதிய ஜேடிகேயின் முகவரியைப் பாத்தின் கடைசியில் சேர்த்துவிட்டு எத்தனை முறை பார்த்தாலும் பழைய எண்ணே வருவது இதனால்தான். உபுண்டு, டெபியன் பயன்படுத்துவோருக்கு இன்னொரு செய்தி: அங்கே ‘அப்டேட்-ஆல்டர்நேட்டிவ்ஸ்’ கட்டளை ஜாவாவையும் ஜாவாசியையும் தனித்தனியாகவே வைத்துக்கொள்கிறது. ஒன்றை மட்டும் மாற்றினால் 21இல் கம்பைல் ஆகி 17இல் ஓடப் பார்க்கும் நிலை வரும். மேக்கில் ‘ஜாவா_ஹோம் -வி’ (ஆங்கிலப் பெரிய எழுத்து வி) என்ற சிறு கருவி, கணினியில் பதிந்துள்ள ஜேடிகே அனைத்தையும் பட்டியலிட்டுக் காட்டும். அது ‘யுஎஸ்ஆர்’ அடியில் ‘லிப்எக்ஸெக்’ கோப்புறையில் இருக்கிறது.

இனி எல்லாரையும் குழப்பும் ‘ஜாவா_ஹோம்’ என்ற சூழல் மாறிக்கு, அதாவது ஜாவா இருக்கும் இடத்தை மற்ற நிரல்களுக்குச் சொல்லும் அமைப்புக்கு, வருகிறேன். விண்டோஸிலும் லினக்ஸிலும் ‘ஜாவா’ என்று அடித்தால், அந்தக் கட்டளை இந்த மாறியைத் திரும்பிக்கூடப் பார்க்காது. பாத்தை மட்டுமே பார்க்கும். நிரலைக் கம்பைல் செய்து தொகுக்கும், அதாவது பில்டு செய்யும், கருவிகளான மேவனும் கிரேடிலும் முதலில் பார்ப்பதோ ‘ஜாவா_ஹோமை’த்தான். அதனால் ‘ஜாவா -வெர்ஷன்’ 21 என்கும், ‘எம்விஎன் -வெர்ஷன்’ 8 என்கும், இரண்டும் உண்மையே. “டெர்மினலில் சரியான பதிப்புதான் வருகிறது, ஆனால் பில்டு மட்டும் விழுகிறது” என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது ‘எம்விஎன் -வெர்ஷன்’ தரும் வெளியீட்டை. மேவன் எந்த ஜாவாவில் ஓடுகிறது, அது எந்தக் கோப்புறையில் இருக்கிறது என்பதை அதுவே எழுதிக் காட்டிவிடும். மாறியின் மதிப்பு ஜேடிகேயின் மூலக் கோப்புறையாக இருக்க வேண்டும். அதற்குள் இருக்கும் ‘பின்’ கோப்புறை வரை நீட்டக் கூடாது. ‘ஜாவா_ஹோம் சரியாக வரையறுக்கப்படவில்லை’ என்று மேவன் புலம்பினால் பெரும்பாலும் இந்த ஒரு சொல் கூடுதலாக இருப்பதே காரணம்.

விண்டோஸில் பாத்தை மாற்ற ‘செட்எக்ஸ்’ கட்டளையைப் பரிந்துரைக்கும் பாடங்கள் இன்னமும் உலவுகின்றன. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அந்தக் கட்டளை 1024 எழுத்துகளுக்கு மேல் உள்ளதை வெட்டிவிடும். இருக்கும் பாத்தோடு புதியதைச் சேர்த்து எழுதச் சொன்னால், நீளமான பாத்தின் வால் காணாமல் போய், சம்பந்தமே இல்லாத வேறு கருவிகள் மறுநாள் ஓடாமல் நிற்கும். கணினி அமைப்புகளில் சூழல் மாறிகளுக்கென்று ஒரு சாளரம் இருக்கிறது. அதில் வரி வரியாகத் திருத்துங்கள். மாற்றியபின் டெர்மினலை மூடித் திறக்க வேண்டும். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் நிரல், தான் தொடங்கியபோது கிடைத்த மதிப்புகளையே வைத்துக்கொண்டிருக்கும். ஐடிஇக்கு உள்ளே இருக்கும் டெர்மினலை மட்டும் மூடித் திறந்தால் போதாது. ஐடிஇயையே மூடித் திறக்க வேண்டும்.

பழைய பாடங்கள் விட்டுச்சென்ற இன்னொரு வினை, கம்பைல் செய்த கிளாஸ் கோப்புகளை எங்கே தேடுவது என்று சொல்லும் ‘கிளாஸ்பாத்’ என்ற சூழல் மாறி. இன்று அதை வைக்கவே தேவையில்லை. அது காலியாக இருக்கும்வரை ஜாவா நடப்புக் கோப்புறையில் தேடும். அதில் ஏதாவது ஒரு ஜார் கோப்பின் (கிளாஸ் கோப்புகளின் தொகுப்பு) முகவரியை எழுதிவிட்டால், நடப்புக் கோப்புறையில் தேடுவதை நிறுத்திவிடும். கண்ணெதிரே கிளாஸ் கோப்பு இருக்கும்போதே ‘மெயின் கிளாஸைக் கண்டுபிடிக்க முடியவில்லை’ என்று வரும். மாறியை நீக்கிவிட்டால் சரியாகிவிடும். நீக்கியும் வரவில்லையென்றால், கிளாஸ் ஒரு பேக்கேஜுக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். அப்படியிருந்தால் பேக்கேஜின் மேற்கோப்புறையில் நின்று முழுப் பெயரோடு அழைக்க வேண்டும்.

பிழைச் செய்தியைக் கண்டு பயந்து கண்ணை மூடிக்கொள்ளும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. ஜாவாவின் செய்திகள் நீளமானவை, ஆனால் நேர்மையானவை. ‘அன்சப்போர்ட்டட் கிளாஸ் வெர்ஷன் எரர்’ என்பதையே எடுத்துக்கொள்வோம். அதில் இரண்டு எண்கள் இருக்கும். கிளாஸ் கோப்பின் பதிப்பு 65, இந்த ஜாவாவுக்குத் தெரிந்தது 61 வரை என்று எழுதியிருக்கும். எந்த எண்ணிலும் 44ஐக் கழித்தால் ஜாவா பதிப்பு கிடைக்கும்: 52 என்றால் ஜாவா 8, 55 என்றால் 11, 61 என்றால் 17, 65 என்றால் 21. ஆக, 21இல் கம்பைல் செய்ததை 17இல் ஓட்டப் பார்க்கிறீர்கள். நோய் இன்னதென்று செய்தியே சொல்லிவிட்டது. ஓட்டும் இடத்தில் 21ஐ வையுங்கள், அல்லது 17க்கு ஏற்பக் கம்பைல் செய்யுங்கள்.

இரண்டாவது வழியில் போகிறவர்கள் ‘-சோர்ஸ்’, ‘-டார்கெட்’ என்ற இரண்டையும் விட்டு, ஜாவா 9இல் வந்த ‘--ரிலீஸ்’ தேர்வைப் பயன்படுத்த வேண்டும். பழைய இரண்டும் மொழியின் இலக்கணத்தையும் கிளாஸ் எண்ணையும் மட்டும் கவனிக்கும். நீங்கள் அழைக்கும் மெத்தட் (ஜாவாவில் தயாராக உள்ள செயல்பாடு) அந்தப் பழைய பதிப்பில் இருந்ததா என்று பார்ப்பதில்லை. ஸ்ட்ரிங்கின் ‘இஸ்பிளாங்க்’ மெத்தட் வந்தது ஜாவா 11இல். 8ஐ இலக்காக வைத்து, 17இன் கம்பைலரில் பழைய தேர்வுகளோடு கம்பைல் செய்தால் ஒரு பிழையும் இல்லாமல் போய்விடும். வாடிக்கையாளரின் சர்வரில் ஓடும்போதுதான் ‘நோ சச் மெத்தட் எரர்’ என்று வெடிக்கும். ‘--ரிலீஸ் 8’ என்றால் உங்கள் மேசையிலேயே பிடிபட்டுவிடும்.

கிரேடிலில் ‘கிளாஸ் கோப்பு மேஜர் வெர்ஷன் 65 ஆதரிக்கப்படவில்லை’ என்று வந்தால் எண் அதேதான், பொருள் வேறு. அங்கே குற்றம் உங்கள் நிரலில் இல்லை. கிரேடில் பழையது, அதை ஓட்டும் ஜாவா புதியது. ஜாவா 17இன்மேல் ஓடக் கிரேடில் 7.3 வேண்டும், 21இன்மேல் ஓட 8.5 வேண்டும். புராஜெக்டோடு இருந்து கிரேடிலை இறக்கி ஓட்டும் கிரேடில் ராப்பரின் பதிப்பை உயர்த்துங்கள். லாம்போக் போன்ற, கம்பைலரின் உட்புறத்தைத் தொட்டு வேலை செய்யும் நூலகங்களும் இப்படியே ஜேடிகேயோடு கூடவே உயர வேண்டியவை.

ஐடிஇயில் ஓடி டெர்மினலில் ஓடாவிட்டாலோ, டெர்மினலில் ஓடி ஐடிஇயில் ஓடாவிட்டாலோ, டெர்மினல் பில்டையே நான் உண்மையாக எடுத்துக்கொள்வேன். சர்வரும், தானாகப் பில்டு செய்து சோதிக்கும் சிஐ அமைப்பும் அந்த வழியில்தான் பில்டு செய்கின்றன. இன்டெல்லிஜேயில் புராஜெக்ட் எஸ்டிகே (புராஜெக்டுக்கான ஜேடிகே) ஓரிடத்தில், மொழி நிலை ஓரிடத்தில், கிரேடிலை ஓட்டும் ஜேவிஎம் (அதாவது ஜாவா) வேறிடத்தில், ரன் கான்ஃபிகரேஷனின் ஜாவா இன்னோரிடத்தில் இருக்கிறது. நான்கையும் திறந்து பார்க்காமல் “ஐடிஇயில் 21 வைத்துவிட்டேன்” என்று சொல்ல முடியாது.

எந்தப் பதிப்பைப் போடுவது என்பது அடுத்த கேள்வி. ஆறு மாதத்துக்கொரு புதிய ஜாவா வருகிறது. நீண்ட கால ஆதரவு கொண்டவை 8, 11, 17, 21, கடைசியாக 2025 செப்டம்பரில் வந்த 25. கற்றுக்கொள்பவர் 21 அல்லது 25ஐ எடுக்கலாம். வேலைக்கென்றால் சர்வரில் ஓடும் பதிப்பைக் கேட்டுக்கொண்டு அதையே போடுங்கள். 8இலிருந்து மேலே ஏறுபவர்களுக்கு மூன்று இடங்களில் கால் தடுக்கும். 11இல் எக்ஸ்எம்எல் தரவைக் கையாளும் ஜாக்ஸ்பி ஜேடிகேயிலிருந்து எடுக்கப்பட்டுவிட்டது. அதைத் தனி டிபென்டன்சியாக (வெளி நூலகமாக) சேர்க்க வேண்டும். 17இல் ஜேடிகேயின் உள்ளுறுப்புகளை ரிஃப்ளெக்‌ஷன் (நிரல் ஓடும்போதே உட்புறத்தைப் பார்க்கும் வசதி) வழியே தொடுவது அடைக்கப்பட்டுவிட்டது. 18 முதல் இயல்பான எழுத்துக் குறியாக்கம், தமிழ் உட்பட எல்லா மொழி எழுத்துகளையும் தாங்கும் யுடிஎஃப்-8 ஆனது. இந்த மூன்றாவது நமக்கு நல்ல செய்தி. அதற்கு முந்தைய பதிப்புகளில், விண்டோஸில் தமிழ்ச் சொல் கொண்ட சோர்ஸ் கோப்பைக் கம்பைல் செய்தால் எழுத்துகள் சிதைந்து வரும்; அங்கே ‘-என்கோடிங்’ தேர்வில் யுடிஎஃப்-8 என்று வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும்.

உரிமம் பற்றிப் பலர் யோசிப்பதே இல்லை. அலுவலகக் கணினியில் இறக்குவதற்கு முன் இதைத் தெரிந்துகொள்வது அவசியம். ஆரக்கிள் 2019 ஏப்ரல் முதல் வெளியிட்ட ஜாவா 8 புதுப்பிப்புகளைத் தனிப்பட்ட பயன்பாட்டுக்கும் மேம்பாட்டுக்கும் இலவசமாகப் பயன்படுத்தலாம். வணிகப் பயன்பாட்டில் ஓட்டச் சந்தா வேண்டும். ஆரக்கிளின் 17ஆம் பதிப்பு இலவசமாக வந்தது, ஆனால் 2024 அக்டோபரில் வந்த 17.0.13 முதல் அதற்கும் பழைய கட்டுப்பாடே. 2023 ஜனவரியிலிருந்து சந்தாவின் விலை நிறுவனத்தின் மொத்தப் பணியாளர் எண்ணிக்கையை வைத்துக் கணக்கிடப்படுகிறது. ஜாவாவைத் தொடுபவர்களை மட்டும் எண்ணுவதில்லை. ஜாவாவின் திறந்த மூல வடிவமான ஓபன்ஜேடிகேயின் அதே மூல நிரலிலிருந்து உருவாகும் டெமுரின், கொரெட்டோ, சூலு போன்ற தொகுப்புகளுக்கு இந்தச் சிக்கல் இல்லை. வேறு கட்டாயம் இல்லாதபோது நான் போடுவது டெமுரின். எதை எடுத்தாலும் அதை வெளியிடுபவரின் தளத்திலிருந்தே எடுத்து, அங்கே தந்திருக்கும் எஸ்ஹெச்ஏ-256 மதிப்போடு (கோப்பு மாறாமல் வந்ததா என்று காட்டும் குறி) ஒப்பிட்டுப் பாருங்கள். தேடுபொறியில் முதலில் வரும் ‘இலவச ஜாவா டவுன்லோட்’ பக்கங்களை நம்பாதீர்கள்.

நிறுவன வலையமைப்புக்குள் இருப்பவர்கள் அடிக்கடி முட்டிக்கொள்வது ‘பிகேஐஎக்ஸ் பாத் பில்டிங் ஃபெயில்ட்’ என்ற பிழையில். தளத்தின் சான்றிதழை ஜாவா நம்பவில்லை என்பதே அதன் பொருள். பிரவுசரில் அதே முகவரி திறக்கும். மேவனில் மட்டும் திறக்காது. பல நிறுவனங்களில் பாதுகாப்பு பிராக்ஸி ஒன்று போக்குவரத்தை நடுவில் பிரித்துப் பார்த்து, நிறுவனத்தின் சான்றிதழால் மறுபடி கையொப்பமிட்டு அனுப்புகிறது. அந்தச் சான்றிதழ் விண்டோஸின் பட்டியலில் இருக்கும். ஜாவா பார்ப்பது, தான் நம்பும் சான்றிதழ்களை வைத்துள்ள, தனக்குள் இருக்கும் ‘சிஏசர்ட்ஸ்’ கோப்பை. உங்கள் ஐடி பிரிவிடம் அந்த மூலச் சான்றிதழை வாங்கி, ஜேடிகேயோடு வரும் ‘கீடூல்’ கருவி கொண்டு அந்தக் கோப்பில் சேர்க்க வேண்டும். விண்டோஸில் டிரஸ்ட்ஸ்டோர் (நம்பும் சான்றிதழ்களின் பட்டியல்) வகையை ‘விண்டோஸ்-ரூட்’ என்று அமைத்தாலும் போதும். ஒவ்வொரு ஜேடிகேக்கும் அந்தக் கோப்பு தனி என்பதால், புதிய ஜேடிகே போட்ட அன்று பழைய பிழை திரும்பிவரும்.

இதற்குக் குறுக்குவழியாக, எந்தச் சான்றிதழையும் ஏற்றுக்கொள்ளும் டிரஸ்ட் மேனேஜர் நிரலை எங்கிருந்தோ நகலெடுத்து ஒட்டுபவர்களைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். “லோக்கலில் மட்டும்தான்” என்று தொடங்கும் அந்த நிரல், நீக்க மறந்து, வாடிக்கையாளரின் தரவு ஓடும் இடம்வரை போய்ச் சேர்ந்துவிடுகிறது. அதன்பின் நடுவில் நின்று யார் வேண்டுமானாலும் படிக்கலாம், மாற்றலாம். மேவன் 3.8.1 முதல் வெறும் ஹெச்டிடிபி முகவரி கொண்ட ரெப்பாசிட்டரிகளை (நூலகங்களை இறக்கும் களஞ்சியங்களை) தடுக்கிறது. அந்தத் தடையை செட்டிங்ஸ் கோப்பில் அகற்றுவதும் இதே வகைத் தவறு. முகவரியை ஹெச்டிடிபிஎஸ் ஆக்குங்கள்.

கடைசியாகப் புதுப்பிப்பு. ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் என்று ஆண்டுக்கு நான்கு முறை பாதுகாப்புத் திருத்தங்கள் வருகின்றன. ஜிப் கோப்பாக இறக்கி வைத்த ஜேடிகே தானாகப் புதுப்பித்துக்கொள்ளாது. ஜாவா 15 முதல் 18 வரை இருந்த ஒரு குறை, எல்லாம் பூஜ்யமாக உள்ள வெற்று இசிடிஎஸ்ஏ டிஜிட்டல் கையொப்பத்தைச் செல்லும் கையொப்பமாக ஏற்றுக்கொண்டது. பாதுகாப்புக் குறைகளின் பொதுப் பட்டியலில் சிவிஇ-2022-21449 என்ற எண் கொண்ட அது 2022 ஏப்ரல் புதுப்பிப்பில் சரிசெய்யப்பட்டது. அந்த மாதத்துக்கு முந்தைய 17 இன்றும் பல கணினிகளில் ‘ஓடுகிறதே’ என்ற காரணத்துக்காகவே விடப்பட்டிருக்கிறது. ‘ஜாவா -வெர்ஷன்’ அடித்தால் 17.0.2 அல்லது அதற்குக் கீழே வருகிறதா என்று பாருங்கள். வந்தால் இன்றே புதியதைப் போட்டு, ‘ஜாவா_ஹோமை’ அதன் பக்கம் திருப்பி, ‘எம்விஎன் -வெர்ஷன்’ புதிய எண்ணைக் காட்டியபின் பழைய கோப்புறையை அழித்துவிடுங்கள்.