கரண்ட் போனால் ஊமையாகிற டெலிபோன்

கன்னியாகுமரி மாவட்டத்தில் கருங்கல் ஊருக்குப் பக்கம் ஒரு வீடு. ஓய்வுபெற்ற சாரும் அவர் வீட்டம்மாவும் மட்டும் இருக்கிறார்கள். பிள்ளைகள் வெளியூரில். போன ஐப்பசியில் இடியும் மழையுமாகக் கிடந்த ஒரு ராத்திரி கரண்ட் போயிற்று. இருட்டில் அம்மா குளிமுறி வாசலில் வழுக்கி விழுந்துவிட்டார். மொபைலில் சார்ஜ் இல்லை. சார் சுவரைத் தடவிக்கொண்டே ஹாலுக்கு வந்து லேண்ட்போனை எடுத்திருக்கிறார். டயல் டோன் இல்லை. கொக்கியைத் தட்டித் தட்டிப் பார்த்தும் ஒரு சத்தமும் இல்லை. கடைசியில் டார்ச்சை எடுத்துக்கொண்டு மழையில் இறங்கி, பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறார்.

நல்லவேளை, எலும்பு முறியவில்லை, இடுப்பில் சதைப்பிடிப்போடு போயிற்று. மறுநாள் காலையில் எனக்குப் போன் வந்தது. "மக்கா, முப்பது வருஷமா இந்தப் போன் கரண்ட் போனா செத்ததே இல்லியே. நீ வந்து கைவச்ச பிறகு இப்பிடி ஆயிப்போச்சே."

அவர் சொன்னது சரி. பழைய செம்புக் கம்பி லைனை எடுத்துவிட்டு, இன்டர்நெட் வழியாகப் பேசுகிற பெட்டியை அந்தப் போனில் மாட்டிக் கொடுத்தது நான்தான். மாட்டினேன், பேசிக் காட்டினேன், காசு வாங்கினேன், வந்தேன். கரண்ட் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. 25 வருஷம் டெலிபோன் வேலையில் கிடந்தவன் மறக்கக்கூடாத விஷயம் அது.

முதலில் ஒரு பெயர்க் குழப்பம். நம் ஊர்க் கடையில் போய் அடாப்டர் கேட்டால் சார்ஜர் மாதிரியான கரண்ட் பிளக்கை எடுத்து நீட்டுவார்கள். நான் சொல்வது ஏடிஏ என்ற சின்னப் பெட்டியை. ஒரு பக்கம் மோடத்திலிருந்து வருகிற நெட் கேபிளைச் செருக வேண்டும், மறுபக்கம் சாதாரண டெலிபோன் வயரை. நம் குரலைத் துண்டு துண்டாக்கி இன்டர்நெட்டில் அனுப்பும், அங்கிருந்து வருவதைத் திரும்பக் குரலாக்கித் தரும். பைபர் கனெக்ஷனோடு வருகிற மோடங்கள் பலவற்றில் டெலிபோன் செருகும் துளை ஒன்று இருக்கும். அந்த மோடத்துக்குள்ளேயே இதே பெட்டி அடக்கம். உங்கள் கம்பெனி அந்தத் துளைக்கு நம்பர் கொடுத்திருந்தால் தனியாக ஏடிஏ வாங்குவது வெட்டிச் செலவு.

பழைய போன் ஏன் கரண்ட் இல்லாமல் பேசிற்று? எக்ஸ்சேஞ்சில் பெரிய பெரிய பேட்டரி வரிசை உண்டு. அங்கிருந்து 48 வோல்ட் டிசி, அதே இரட்டைக் கம்பியில் உங்கள் வீடுவரை வரும். மணி அடிக்கும்போது அதன்மேல் 75 வோல்ட்டுக்கு மேல் ஏசி ஏறும். லைனைச் சீவும்போது யாராவது கூப்பிட்டுவிட்டால் விரல் சுண்டி இழுக்கும், லைன்மேன்களைக் கேட்டால் சொல்வார்கள். ஆக, போனுக்கு வேண்டிய கரண்டை எக்ஸ்சேஞ்ச்தான் அனுப்பிக்கொண்டிருந்தது. பைபர் கண்ணாடி இழை, அதில் வெளிச்சம்தான் போகும், கரண்ட் போகாது. இப்போது மோடத்துக்கும் ஏடிஏக்கும் உங்கள் வீட்டு பிளக்தான் சோறு போட வேண்டும்.

"எங்க வீட்ல இன்வெர்ட்டர் உண்டுல்லா" என்பார்கள். சார் வீட்டிலும் உண்டு. ஆனால் நம் வீடுகளில் இன்வெர்ட்டர் லைனை எலக்ட்ரீஷியன் எதற்கு இழுப்பார்? பேனுக்கும் லைட்டுக்கும். மோடம் இருப்பது டிவி மூலையில். அந்த மூலை பிளக் பெரும்பாலும் இன்வெர்ட்டரில் சேராது. லைட் எரிகிறது, பேன் சுற்றுகிறது, ஆனால் போன் மட்டும் செத்துக் கிடக்கும். அன்றைக்கு ராத்திரி சார் வீட்டில் இன்வெர்ட்டர் பேட்டரியும் தண்ணீர் வற்றிக் கிடந்தது என்பது வேறு கதை. பேட்டரி நன்றாக இருந்திருந்தாலும் போன் பேசியிருக்காது.

இதற்கு வழி பெரிய செலவில்லை. மோடமும் ஏடிஏயும் சேர்ந்து ஒரு சின்ன எல்இடி பல்பு தின்கிற அளவு கரண்டைத்தான் தின்னும். இன்வெர்ட்டர் வயரிலிருந்து டிவி மூலைக்கு ஒரு பாயிண்ட் இழுத்துவிடலாம். இல்லையென்றால் மோடத்துக்கென்றே விற்கிற 12 வோல்ட் மினி யுபிஎஸ் ஒன்று வாங்கலாம், சில மணி நேரம் தாங்கும். வாங்குமுன் மோடத்தின் அடியிலும் ஏடிஏயின் அடியிலும் எத்தனை வோல்ட் என்று அச்சடித்திருப்பதைப் படியுங்கள். 5 வோல்ட் பெட்டியில் 12 வோல்ட் பின்னைச் செருகிப் புகைய வைத்த வீடுகளையும் பார்த்திருக்கிறேன். இன்வெர்ட்டரில் யுபிஎஸ் மோடு என்று ஒரு சுவிட்ச் இருந்தால் அதைப் போட்டு வையுங்கள். போடாவிட்டால் கரண்ட் மாறுகிற அந்தக் கண்சிமிட்டும் நேரத்தில் மோடம் அணைந்து திரும்பக் கிளம்பும், இரண்டு மூன்று நிமிஷம் போன் இருக்காது.

2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் அடித்தபோது இந்த மாவட்டத்தில் எத்தனை நாள் கரண்ட் இல்லாமல் கிடந்தோம் என்று யாருக்கும் சொல்லித் தர வேண்டாம். மினி யுபிஎஸ் அதற்கெல்லாம் காணாது. சாயங்கால மின்வெட்டுக்கும், ரப்பர் மரம் லைனில் சாய்ந்த ராத்திரிக்கும் அது போதும்.

இடி விஷயத்தில் மட்டும் பைபர் நமக்கு நல்லது செய்தது. செம்புக் கம்பி காலத்தில் ஐப்பசி வந்தாலே குலசேகரம், திருவட்டார் பக்கம் போன்களும் மோடங்களும் கருகிக் கொத்தோடு வரும். இப்போது குறைவு. ஆனாலும் இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். ஒன்று, கனெக்ஷனை சரண்டர் செய்த பிறகும் போஸ்ட்டிலிருந்து ஜன்னல்வரை தொங்கிக்கொண்டிருக்கிற பழைய கம்பி. அதற்கு உபயோகம் இல்லாமல் இருக்கலாம், இடிக்கு உண்டு. இன்னொன்று, பைபர் கேபிளோடு ஒட்டி வருகிற எஃகுக் கம்பி. காற்றில் கேபிள் அறாமல் தாங்கத்தான் அது. அதைப் பிரித்து வெளிச் சுவர்க் கொக்கியிலேயே கட்டி நிறுத்த வேண்டும், வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது. வேலைக்கு வருகிற பையன் அவசரத்தில் அப்படியே உள்ளே இழுத்தால், "தம்பி, அந்தக் கம்பிய வெளியவே நிப்பாட்டு" என்று சொல்லுங்கள்.

அந்தப் பழைய கம்பியால் இன்னொரு வினையும் உண்டு. மாடியிலும் சமையலறையிலும் எக்ஸ்டென்ஷன் வைத்த பெரிய வீடுகளில், ஏடிஏயின் போன் வயரைச் சுவரில் இருக்கிற பழைய ரோசெட் பெட்டியில் கொடுத்தால் எல்லாப் போனும் ஒன்றாக மணி அடிக்கும். நல்ல யோசனைதான். ஆனால் எக்ஸ்சேஞ்ச் லைன் அதில் இன்னும் உயிரோடு இருந்தால் ஏடிஏ அந்த நொடியே போய்விடலாம். இரண்டு பக்கத்திலிருந்தும் கரண்ட் வந்து மோதும். வெளியிலிருந்து வருகிற ஜோடியை முதலில் கழற்ற வேண்டும், அதன் பிறகே மற்றது. பழைய மணி வைத்த கனத்த போன்கள் மூன்று நான்கை ஒரே பெட்டியில் மாட்டினாலும் திணறும், மணி முனகும். வட்டத்தைச் சுழற்றி நம்பர் போடுகிற பழைய போன் என்றால் பல ஏடிஏக்களுக்கு அந்தச் சுழற்சி புரியாது. பட்டன் போனிலும் பின்னால் டி, பி என்று ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும். டி பக்கம் தள்ளி வையுங்கள்.

வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் கொண்டுவருகிற பெட்டிகளைப் பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள். நாகர்கோவிலில் ஒரு வீட்டில் அமெரிக்காவிலிருந்து மகள் கொண்டுவந்த பெட்டி. நம்பர் அமெரிக்க நம்பர். மகளுக்கு அது லோக்கல் கால், அம்மாவோடு எத்தனை மணி நேரமும் பேசலாம். அருமையான ஏற்பாடு. அதன் கரண்ட் பிளக்கில் 120 வோல்ட் என்று மட்டும் போட்டிருந்தால் நம் 230 வோல்ட்டில் செருகாதீர்கள். 100 முதல் 240 வரை என்று இருந்தால் தைரியமாகச் செருகலாம்.

அதைவிடப் பெரிய விஷயம், அந்தப் பெட்டிக்குத் தான் நாகர்கோவிலில் இருப்பது தெரியாது. அதில் 108 அடித்தால் ஆம்புலன்ஸ் வராது, 112 அடித்தால் நம் போலீஸ் எடுக்காது. அடுத்த தெருவுக்குப் பேசுவதற்கே 011, 91, பிறகு 4652 என்று சுற்றிக்கொண்டு போக வேண்டும். பேரப்பிள்ளை விளையாட்டுக்கு 911 அடித்துவிட்டால், மகள் பதிவு செய்து கொடுத்த விலாசத்துக்கு அமெரிக்கப் போலீஸ் போய் நிற்கும். இன்டர்நெட் போன் கம்பெனிகள் இப்படி விலாசம் வாங்கி வைக்க வேண்டும் என்று 2005 முதல் அங்கே விதி. அதனால் இந்த மாதிரிப் பெட்டி இருக்கிற வீட்டில் அந்தப் போன்மேல் "மகளுக்கு மட்டும்" என்று எழுதி ஒட்டிவிட்டு, அவசரத்துக்கு ஒரு பட்டன் மொபைலைப் பக்கத்திலேயே சார்ஜரில் வைக்கச் சொல்கிறேன்.

துபாய்க்காரர்கள் கேட்கிற கேள்வி வேறு. "அண்ணே, இந்தப் பெட்டி ஒண்ணு பையனுக்குக் கொடுத்து விடட்டா?" நேந்திரங்காய் சிப்ஸ் கொடுத்து விடுங்கள், இதை வேண்டாம். துபாய் இருக்கிற ஐக்கிய அரபு அமீரகத்தில் உரிமம் இல்லாத இன்டர்நெட் கால்களை அடைத்து வைத்திருக்கிறார்கள். வாட்ஸ்அப்பில்கூடக் குரல் போகாமல் போடிம் மாதிரி அனுமதிபெற்ற ஆப்களில் பேசுவது அதனால்தான். இருக்கிற இடத்தை மறைக்கிற விபிஎன் போட்டுக் குற்றம் செய்ததாகப் பிடிபட்டால் அங்கே அபராதம் 5 லட்சம் திர்ஹமிலிருந்து தொடங்குகிறது. சவுதியில் 2017 செப்டம்பரிலேயே தடையை எடுத்துவிட்டார்கள். எல்லாரும் சேர்த்து கல்ப் என்றுதான் சொல்கிறோம், சட்டம் நாட்டுக்கு நாடு வேறு.

நம் நாட்டில் இன்டர்நெட் வழிப் பேச்சு 2002 ஏப்ரலில் திறந்துவிடப்பட்டது. ஆனால் அதை உள்ளூர் டெலிபோன் நம்பர்களோடு இணைக்க வழியில்லாமல் இருந்தது. 2018-இல்தான் உரிமம் பெற்ற தொலைபேசி நிறுவனங்களுக்கு அது தெளிவாக அனுமதிக்கப்பட்டது. அப்படிப்பட்ட நிறுவனம் தருகிற நம்பர் என்றால் பயமே இல்லை. பயப்பட வேண்டியது வேறொரு ஆளுக்கு. "சும்மா ஒரு பெட்டி வீட்டு மூலையில இருக்கும், உங்க நெட்டும் கரண்ட்டும் போதும், மாசம் வாடகை தாரோம்" என்று வருவார். அந்தப் பெட்டியில் வரிசையாக சிம் கார்டு செருகியிருக்கும். வெளிநாட்டிலிருந்து நெட் வழியாக வருகிற கால்களை உள்ளூர் நம்பராக மாற்றி விடுகிற கள்ளத்தனம் அது. மோசடிக் கும்பல்கள் உள்ளூர் நம்பரில் கூப்பிடுவதற்கு இதுவும் ஒரு வழி. அனுமதியில்லாமல் இப்படிச் சேவை நடத்தினால் 2023-ஆம் வருஷத் தொலைத்தொடர்புச் சட்டப்படி 3 வருஷம் வரை சிறை, 2 கோடி ரூபாய் வரை அபராதம். போலீஸ் முதலில் வந்து நிற்பது பெட்டி இருக்கிற வீட்டு வாசலில். வெளிநாட்டுக் குரல் இந்திய நம்பரில் வந்தால் அரசின் சஞ்சார் சாத்தி இணையதளத்தில் புகார் செய்யலாம்.

குலசேகரம் பக்கம் ஒரு அம்மச்சி கூப்பிட்டார். "மக்கா, ராத்திரி ரெண்டு மணிக்கு மணி அடிக்கு. எடுத்தா ஒரு மூச்சுகூடக் கேக்கல்ல. நம்பரு வெறும் நூறுன்னு காட்டுது." நான் போய்ப் பார்த்தபோது போன்மேல் விபூதி பூசியிருந்தது. பேய் எதுவும் இல்லை. உலகம் முழுக்கச் சில கணினிகள் ராத்திரி பகலாக ஒவ்வொரு இன்டர்நெட் முகவரியாகத் தட்டிப் பார்த்துக்கொண்டே இருக்கும். இத்தகைய போன்கள் வழக்கமாகத் திறந்து வைக்கிற கதவின் எண் 5060. பூட்டு லேசாக இருந்தால் உள்ளே புகுந்து உங்கள் கணக்கில் வெளிநாட்டுக்கு விலை கூடிய கால்களைப் போட்டுத் தள்ளும். தட்டுகிற சத்தம்தான் அம்மச்சிக்கு மணியாகக் கேட்டது. 100, 1000, 1001 என்று நம்பர் காட்டினால் இதுதான்.

அந்த வீட்டில் பெட்டியின் பாஸ்வேர்ட் வாங்கியபோது இருந்த அட்மின், அட்மினாகவே இருந்தது. யாரோ நெட் ஸ்பீடாக வரும் என்று மோடத்தில் கதவை எல்லாம் விரியத் திறந்தும் வைத்திருந்தார்கள். பாஸ்வேர்டை மாற்றி, கதவுகளை அடைத்து, பதிவு செய்த சர்வரிலிருந்து வருகிற கால்களை மட்டும் எடு என்று ஏடிஏக்குச் சொல்லிவைத்தேன். அன்றோடு நின்றது. ஐஎஸ்டி தேவையில்லாத வீட்டில் அதைப் பூட்டியும் வைத்துவிடலாம்.

மற்றபடி குரல் விட்டு விட்டு வருகிறது என்றால் பெரிய பிளானுக்கு மாறுமுன் வீட்டைப் பாருங்கள். ஒரு காலுக்குப் போக 100 கேபிபிஎஸ் வேகம், வர 100, அவ்வளவுதான் வேண்டும். கண்காணிப்புக் கேமரா படத்தை இடைவிடாமல் இன்டர்நெட்டில் ஏற்றிக்கொண்டிருந்தால் குரல் நெரிசலில் மாட்டும். அவர்கள் பேசுவது கேட்கிறது, நாம் பேசுவது அங்கே கேட்கவில்லை என்றால், மோடத்தில் எஸ்ஐபி ஏஎல்ஜி (SIP ALG) என்றொரு வசதி இருக்கும், அதை அணைக்கச் சொல்லுங்கள். உதவி செய்யவென்று வைத்த வசதி பாதி நேரம் உபத்திரவம்தான்.

இவ்வளவு தொல்லைக்கு அந்தப் பழைய போனை மூட்டை கட்டினால் என்ன என்று இளையவர்கள் கேட்கிறார்கள். கனத்த ரிசீவர், பெரிய பட்டன், வைத்த இடத்தில் இருக்கிற குணம், இதெல்லாம் 80 வயதுக் கைக்கு வேண்டும். சில காது மெஷின்களில் டெலிபோனுக்கென்றே ஒரு சுருள் உண்டு. அதற்குத் தோதான ரிசீவரைக் காதில் வைத்தால் சுற்றிலும் இருக்கிற இரைச்சல் இல்லாமல் குரல் மட்டும் கேட்கும். அதனால் நான் இன்னும் இந்தப் பெட்டிகளை மாட்டிக்கொண்டுதான் இருக்கிறேன்.

இப்போது வேலை முடிந்ததும் ஒன்று செய்கிறேன். வீட்டுக்காரரை ரிசீவரை எடுக்கச் சொல்லி, மகனோடோ மகளோடோ பேச வைத்துவிட்டு, மெயின் சுவிட்சை இறக்கிவிடுவேன். பேச்சு அறுந்தால் நான் அன்றைக்குக் காசு வாங்குவதில்லை. கருங்கல் சார் வீட்டில் டிவி மூலைக்கு இன்வெர்ட்டர் பாயிண்ட் இழுத்து, மினி யுபிஎஸ்ஸும் வைத்தாயிற்று. அவர் இன்னும் முழுதாக என்னை நம்பவில்லை. மாதம் ஒன்றாம் தேதி காலையில் அவரே மெயினை இறக்கிவிட்டு எனக்கு அடிக்கிறார். "மக்கா, கரண்ட் இல்லாமதான் பேசுகேன். கேக்கா?"