கமராவின் முன் முகம்: நுண்ணிய பாவங்களைப் பழகும் முறை

கொழும்பில் செட்டியார் தெரு நகைக்கடைகளின் விளம்பரங்களுக்கும் வெள்ளவத்தைச் சேலைக்கடைகளின் பதாகைகளுக்கும் படம் எடுக்கும்போது, பல் தெரியச் சிரிப்பதைவிட, சிரிப்பு அரும்பும் தறுவாயில் முகத்தை வைத்திருக்கும்படியே மொடலிடம் அதிகம் கேட்கப்படுகிறது. சொன்னவுடன் அதைச் செய்துகாட்டக்கூடியவர்கள் சிலரே. இதற்குக் கூச்சத்தை மட்டும் காரணம் சொல்வது நியாயமாகாது. முகத் தசைகள் இயங்கும் விதத்திலேயே இந்தச் சிரமம் அமைந்திருக்கிறது.

கை கால் தசைகள் எலும்பை இழுக்கின்றன. முகபாவத்தை உண்டாக்கும் தசைகளோ பெரும்பாலும் தோலில் வந்து முடிவதால் தோலையே இழுத்து மடிக்கின்றன. இதைவிட முக்கியமான வேறுபாடு ஒன்று உண்டு. ஏனைய தசைகளில், அவை எவ்வளவு நீண்டிருக்கின்றன என்பதை மூளைக்கு அறிவிக்கும் தசைக்கதிர்கள் என்ற நுண்ணுறுப்புகள் இருக்கின்றன. கண்ணை மூடிக்கொண்டும் முழங்கை எவ்வளவு மடிந்திருக்கிறது என்று சொல்ல முடிவது பெருமளவு அவற்றால்தான். முகபாவத் தசைகளில் அவை மிக அரிது, அல்லது இல்லவே இல்லை. தோலின் இழுவையிலிருந்து கிடைக்கும் மங்கலான உணர்வைக் கொண்டே முகம் தன் நிலையை அறிகிறது. ஆகவேதான், உதட்டோரத்தை இலேசாக உயர்த்தியதாக நினைக்கும் ஒருவரின் படத்தில் ஒன்றுமே தெரிவதில்லை. அதே நினைப்போடு நின்ற இன்னொருவரின் படத்தில் முழுச் சிரிப்பே விழுந்திருக்கிறது.

முகபாவம் பிறக்கும் வழிகளும் இரண்டு. ‘சிரியுங்கள்’ என்றதும் வரும் சிரிப்புக்கு மூளைய மேற்பட்டையின் இயக்கப் பகுதி கட்டளையிடுகிறது. தானாக வரும் சிரிப்பு உணர்ச்சியோடு தொடர்புடைய வேறு பகுதிகளிலிருந்து எழுகிறது. இரண்டும் ஏழாவது மூளைய நரம்பாகிய முகநரம்பின் வழியாகவே தசைகளை அடைகின்றன. பாரிசவாதத்தால் முதல் வழி மட்டும் பாதிக்கப்பட்ட சிலர், வைத்தியர் கேட்கும்போது வாயின் ஒரு பக்கத்தை உயர்த்த முடியாதிருந்தும், வேடிக்கையான ஒன்றைக் கண்டதும் இரு பக்கமும் மலரச் சிரிப்பது இதற்குச் சான்று.

பிரெஞ்சு வைத்தியர் டுஷென், 1862இல் வெளியிட்ட ஆய்வில், முகத் தசைகளை மின்சாரத்தால் தூண்டிப் படம் பிடித்து, உண்மையான மகிழ்ச்சியில் உதட்டோரத்தை இழுக்கும் தசையோடு கண்ணைச் சுற்றியுள்ள வட்டத் தசையும் சுருங்குவதை விளக்கினார். அந்தக் கண்தசை விருப்பத்துக்குக் கட்டுப்படாது என்பது அவர் கருத்து. பலரால் அதை வேண்டுமென்றே இயக்க முடியும் எனப் பிற்கால ஆய்வுகள் காட்டியிருப்பது மொடல்களுக்கு நல்ல செய்தி. 1978இல் உளவியலாளர்களான போல் எக்மனும் வாலஸ் பிரீசனும் முக அசைவுகளுக்கு எண்ணிட்டபோது, கன்னம் உயர்வதை 6 என்றும், இமை இறுகுவதை 7 என்றும், உதட்டோரம் உயர்வதை 12 என்றும் குறித்தனர். கமராவுக்கான நுண்ணிய பாவத்தில் முதலில் பழக வேண்டியது இந்த 7தான் என்பேன்.

கண்ணாடியின் அருகே நின்று கீழிமையை மட்டும் ஓரிரு மில்லிமீற்றர் உயர்த்த முயலுங்கள். இமைமயிரின் கீழே மெல்லிய மேடு ஒன்று திரளும். கருவிழிக்கு அடியில் வெண்மை தெரிந்திருந்தால் அது மறையும். பார்வைக்கு உடனே ஒரு கூர்மை வந்துவிடும். தொடக்கத்தில் புருவமும் சேர்ந்து இறங்குவதால் முகம் சினந்ததுபோல் தோன்றும். புருவத்துக்குச் சற்று மேலே ஒரு விரலை மெதுவாக வைத்துக்கொண்டால், அது அசையும் கணத்தை விரல் காட்டிக்கொடுக்கும். தசைக்கதிர்கள் தராத தகவலை இங்கே விரல் தருகிறது.

ஆனால் கண்ணாடியோடு நின்றுவிடக் கூடாது. கண்ணாடி முகத்தை இடவலம் மாற்றிக் காட்டுகிறது. தம் முகத்தின் கண்ணாடிப் பிம்பத்தையே மக்கள் விரும்புவதும், அவர்களின் நண்பர்கள் நேர்த் தோற்றத்தை விரும்புவதும் 1977இல் வெளியான ஓர் ஆய்வில் தெரியவந்தது. தன் படம் தனக்கே பிடிக்காமல் போவதற்குப் பழக்கமின்மையும் ஒரு காரணம் என்பதால், அதை வைத்து ஒரு பாவத்தைக் கைவிட வேண்டாம். கைத்தொலைபேசியைக் கண் உயரத்தில், குறைந்தது ஒன்றரை மீற்றர் தள்ளி வையுங்கள். கைநீட்டும் தூரத்தில் மூக்கு பெருத்துத் தெரியும். கண்ணை மூடி, உணர்வை மட்டும் நம்பிப் பாவத்தை அமைத்து, பிறகு கண்ணைத் திறந்து வீடியோ எடுங்கள். வீடியோவை நிறுத்தி, வாய்ப் பகுதியை ஒரு கடதாசியால் மறைத்துப் பாருங்கள். கண்கள் மட்டும் அதே உணர்ச்சியைச் சொல்லாவிட்டால், வாய் தனியே வேலை செய்திருக்கிறது.

கொழும்பில் பரதம் பயின்ற பிள்ளைகளுக்கு இதில் ஒரு முன்னிலை உண்டு. புருவம், கண், கழுத்து என ஒவ்வோர் உறுப்பையும் பிரித்து அசைக்கச் சிறு வயதிலேயே பழகியவர்கள் அவர்கள். எனினும் அரங்கின் கடைசி வரிசைக்கும் எட்ட வேண்டிய அபிநயம், முகத்தை நெருங்கி எடுக்கும் கமராவுக்கு மிகையாகிவிடும். ஆகவே அவர்கள் ஒரே பாவத்தை முழுதாகவும், பாதியாகவும், கால்வாசியாகவும் செய்து பதிவுசெய்து, எந்த அளவு வரை உணர்ச்சி தெரிகிறது என்று பார்க்க வேண்டும்.

கமரா பிடிக்கும் கணமோ மிகக் குறுகியது. கமராவின் திரை திறந்திருக்கும் நேரம் ஒரு செக்கனில் 125இல் ஒரு பங்கு என்றால், அது 8 மில்லிசெக்கன். கண் சிமிட்ட அதைவிடப் பல மடங்கு நேரம் ஆகும். பாவத்தை நீண்ட நேரம் பிடித்துவைத்தால் உதடு இறுகி முகம் உறைந்துவிடும். மூச்சை வெளியே விட்டு, முகத்தைத் தளர்த்தி, ஒவ்வொரு படத்துக்கும் புதிதாக அமைப்பதே நல்லது. மகிழ்ச்சியான ஒரு நினைவை அப்போது வரவழைப்பது, முன்சொன்ன இரண்டாவது வழியையும் துணைக்கு அழைப்பதாகும்.

காலிமுகத்திடலில் நண்பகலில் எடுக்கும் படங்களுக்கு இவையெல்லாம் போதாது. கடலிலிருந்து தெறிக்கும் ஒளியில் இரு இமைகளும் புருவமும் தாமாகவே சுருங்கி, பழகிய பாவத்தை மூடிவிடும். சூரியனைப் பின்னால் வைத்து நிற்க முடியாதபோது, படப்பிடிப்பாளர் மூன்று எண்ணும்வரை கண்களை மூடியிருந்து, மூன்றாவது எண்ணில் திறப்பது உதவும். கண்கூச்சம் முகத்தைச் சுருக்குவதற்கு முன் கிடைக்கும் அந்தச் சிறு இடைவெளியில் பாவம் தயாராக இருக்க வேண்டும் என்பதால், அதையும் தொடர்மாடியின் பல்கனியில் வெயில் படும் நேரத்தில் பழகிக்கொள்ளலாம்.